சிற்பி அழிக்காத முதல் வரி

அந்த அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐவரில் ஒருவர் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொண்டார். மற்ற நால்வரும் வேறு வழியில்லாமல் அப்படியே கூப்பிட்டார்கள். வெறும் டைரக்டர்கூட இல்லை, கிரியேட்டிவ் டைரக்டர். அறைக் கதவில் அந்தப் பட்டத்தை ஒட்டியபோது கதவின் அகலம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்துகள் கைப்பிடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

இன்னும் கட்டப்படாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலக் காட்டுவது அவர்கள் தொழில். யாராவது வரைபடத்தோடு வருவார்கள். இவர்கள் அதைக் கணினிக்குள் எழுப்பி, முன்னால் நாலு மரம் நட்டு, கவலையே இல்லாத மனிதர்களை நடமாடவிட்டு, பெரிய திரையில் சுற்றிக் காட்டுவார்கள். கட்டடத்தின் நெற்றியில் பெயர்ப்பலகை வேண்டும் அல்லவா? கனமும் உயரமும் நிழலும் உள்ள அந்த எழுத்துகளைச் செய்கிறவள்தான் சிற்பி.

சிற்பி என்பது டைரக்டர் வைத்த பெயர். வருகிறவர்களிடம் எல்லாம், "எழுத்துக்கு ஆன்மா இருக்கு சார். எங்க சிற்பி ஒவ்வொண்ணையும் கையாலயே செதுக்குவாங்க. ஒரு பலகைக்கு மூணு நாள்" என்பார். அவர் கை அப்போது காற்றில் ஒரு உளியைப் பிடித்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது உண்மையாகத்தான் இருந்தது. முதல் பலகையில் பதினோரு எழுத்து. எழுத்துருவின் படத்தைக் கீழே வைத்து, அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்து வளைத்து, பின்பு கனம் கொடுத்து, மூன்று நாள் கண் எரிய எரியச் செய்தாள். இனி முடியாது என்று தேடியபோது கிடைத்தது ஒரு சின்ன நிரல். அதற்குப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. நிரலின் பெயர், எழுத்துருவின் பெயர், உயரம் இத்தனை, கனம் இத்தனை, கடைசியாக எழுத வேண்டிய வாசகம். அடித்து என்டரைத் தட்டினால், எழுத்துகளை எல்லாம் புள்ளியும் கோடும் பரப்புமாக ஒரு ஃபைலில் கொட்டிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது.

உடனே வசப்படவில்லை. முதலில் எழுத்துகள் எல்லாம் திரைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக்கொண்டன. நிமிர்த்தியபோது சுழிகளின் ஓட்டைகள் அடைபட்டன. ஓட்டையைத் திறந்தபோது கொம்புகள் எழுத்தைவிட்டுத் தனியே போய் நின்றன. இரண்டு வாரம் மல்லுக்கட்டி, எந்த இடத்தில் எதைச் சேர்த்தால் ஒழுங்காக நிற்கும் என்று கண்டுபிடித்தாள். அன்று மத்தியானம் அதை டைரக்டரிடம் சொல்லலாம் என்று எழுந்தபோதுதான் வீட்டிலிருந்து போன். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து அப்பா வீடு திரும்பியதும், மாலை நாலரைக்குக் கை, கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வரத் தொடங்கினார். கதவைத் திறக்க ஆள் வேண்டும், அப்பாவைத் தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஆள் இவள் ஒருத்தி. தினமும் மூன்றரைக்குக் கிளம்பட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எழுத்து வேலைதானேம்மா, வீட்டுல உக்காந்து செதுக்க முடியும்ல?" என்றார் டைரக்டர்.

"முடியும் சார்."

அந்த ஒரு "முடியும்" மூன்று வருடமாக அவளைச் சுமந்துகொண்டிருந்தது. அரை விநாடி வேலைக்கு மூன்று நாள். மிச்ச நேரத்தில் மரம் நட்டாள், படிக்கட்டு கட்டினாள், யாரும் சும்மா இருக்கிறாள் என்று சொல்லிவிட முடியாதபடி எல்லார் வேலையிலும் பாதியைச் செய்தாள். ஆனால் மூன்றரை ஆனதும் கிளம்பிவிடுவாள். டைரக்டர் பின்னால் வந்து நின்றால் மட்டும் திரையில் ஏதாவது ஒரு எழுத்தின் வளைவைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருப்பாள். வயிற்றுக்குள் ஒரு பூனை எப்போதும் காதைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தது.

அந்த நிரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்து முடித்த ஃபைலின் முதல் வரியில், தான் என்ன கட்டளைக்கு எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இதைச் செய்தேன், எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதி வைத்துவிடும். அந்த அலுவலகத்திலேயே செய்த வேலைக்குச் சரியான நேரத்தை எழுதிய ஒரே ஜீவன் அதுதான். சிற்பி ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அந்த முதல் வரியை அழித்துவிடுவாள். பல் துலக்குவதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கல்லூரி நிறுவனத் தலைவரின் செயலாளரிடமிருந்து போன் வந்தது. பதினோரு மணிக்குத் தலைவர் தன் புதிய கல்லூரி மாளிகையின் மாதிரியைப் பார்க்க வருகிறார். அது முன்பே தெரிந்ததுதான். தெரியாதது, போன வாரம் யாரோ அவருக்கு 'ஞானச்சுடர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்பது. பலகையில் கல்லூரிப் பெயருக்குக் கீழே இருக்கும் அவர் பெயருக்கு முன்னால் அது வர வேண்டும். பதினோரு மணிக்கே வர வேண்டும்.

டைரக்டர் போனை வைத்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"சிற்பி! போச்சும்மா. ஆறு எழுத்து. ஒரு மணி நேரம்."

"பாக்கிறேன் சார்."

"பாக்கிறதா? அந்த 'ஞா' ஒண்ணுக்கே அரை நாள் ஆகுமே! என்ன சுழி, என்ன வளைவு! இந்த வேலை போனா நம்ம கதை கந்தல்மா."

அவளுக்கு உள்ளுக்குள் லேசான நிம்மதி. இவர் அறைக்குப் போனதும் என்டரைத் தட்ட வேண்டியது, ஐம்பது நிமிடம் வியர்த்துக்காட்ட வேண்டியது. முடிந்தது. ஆனால் டைரக்டர் அறைக்குப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவள் தோளோடு தோளாகப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பக்கத்துலயே இருக்கேன். தைரியமா செய்."

கறுப்புத் திரையைத் திறக்க முடியாது. உண்மையாகவே செதுக்கியாக வேண்டும். மூன்று வருடமாகச் செதுக்காத சிற்பி, கணினியில் வரையும் பேனாவைக் கையில் எடுத்து 'ஞா'வின் விளிம்பில் முதல் புள்ளியை வைத்தாள். இரண்டாவது புள்ளி. வளைவு நெளிந்துகொண்டு வெளியே போனது.

"அங்க கொஞ்சம் உயிர் கொடும்மா" என்றார் டைரக்டர், காற்றில் விரலால் வளைத்து.

மணி பத்து பத்து. பத்து இருபது. 'ஞா'வின் முதல் சுழி மட்டும் முடிந்திருந்தது. அதுவும் நசுங்கிய தகர டப்பா மாதிரி. டைரக்டர் பெருமூச்சு விடும்போதெல்லாம் அவர் குடித்த காபியின் வாசம் வந்தது. அவள் உள்ளங்கை ஈரத்தில் பேனா வழுக்கியது. உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே நாலரை மணிக்கு அழைப்புமணியை அழுத்திவிட்டுப் படியில் காத்திருக்கும் பயிற்சியாளரும், எழுந்திருக்க முடியாமல் உள்ளேயிருந்து குரல் கொடுக்கும் அப்பாவும் கண்ணில் தெரிந்தார்கள். அரை விநாடி வேலை என்று தெரிந்தால் மூன்றரை எங்கே, மூன்று பேர் வேலையைத் தலையில் கட்டி ஏழு மணிக்கல்லவா அனுப்புவார்!

எதிர் மேஜையில் வெளிச்சக்காரர். கட்டடங்களுக்குச் சூரியன், விளக்கு, நிழல் எல்லாம் போடுகிறவர். யாரையும் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "சிற்பி, உளியைத் தீட்டியாச்சா?" என்று தினமும் கேட்பார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இவளுக்குத் தெரியாது. இப்போது அவள் முகத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"டைரக்டர் சார், ஒரு சின்ன சந்தேகம்."

"இப்ப என்னய்யா?"

"தலைவர் பேருக்குப் பின்னால சூரியன் உதிக்கணுமா, முன்னால உதிக்கணுமா? முன்னால உதிச்சா பட்டம் மின்னும். பின்னால உதிச்சா தலைவரே உதிக்கிற மாதிரி இருக்கும். நான் சின்ன ஆளு, இதெல்லாம் நீங்க முடிவு பண்ணாத்தான் நல்லாருக்கும்."

டைரக்டர் இருப்புக்கொள்ளாமல் எழுந்தார். சூரியன் எங்கே உதிக்க வேண்டும் என்று தன்னைக் கேட்கும் நாளுக்காகவே பிறந்தவர் அவர்.

அவர் முதுகு திரும்பியதும் சிற்பியின் விரல்கள் பாய்ந்தன. கறுப்புத் திரை. விசைப்பலகையில் மேல் அம்பை அழுத்தினாள். போன தடவை அடித்த வரி அப்படியே வந்தது. வாசகத்தில் ஞானச்சுடரைச் செருகினாள். என்டர். வந்துவிட்டது. ஃபைலை மாதிரிக்குள் இழுத்துப் போட்டாள். கட்டடத்தின் நெற்றியில் முழு வாசகமும் வரிசையாக நிமிர்ந்து நின்றது.

"பின்னாலயே உதிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டைரக்டர் திரும்பினார். அவள் கறுப்புத் திரையை மூடிய வேகத்தில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது.

"அட! முடிச்சிட்டியா?"

"ஏற்கெனவே... வீட்டுல கொஞ்சம் செஞ்சு வச்சிருந்தேன் சார். தனித்தனி எழுத்தா. சேத்துப்பாத்தேன், சரியா உக்காந்துடுச்சு."

டைரக்டர் இமைக்காமல் திரையையே பார்த்தார். "இதுதான்மா ஆன்மாங்கிறது" என்றார். உடனே ஒரு பென் டிரைவை எடுத்து, தன் கையாலேயே அந்த ஃபைலைப் போட்டு, சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

சிற்பி மேஜையில் ஓடிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று மறந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

பதினோரு மணிக்குத் தலைவர் வந்தார். அவருக்கு முன்னால் செயலாளர் வந்தார், கதவைப் பிடித்துக்கொள்ள. பின்னால் ஒருவர் வந்தார், பழைய மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு. முழங்கை வரை சுருட்டிய சட்டை, நகக் கண்களில் கறுப்பு. அவர்தான் பலகைக்காரர். நிஜக் கட்டடம் எழும்பும்போது இதே எழுத்துகளைத் தகட்டில் வெட்டி மாட்டப்போகிறவர். அடிக்கல் விழாவுக்கே தலைவர் பெயரை மட்டும் ஒரு மேடையில் நிற்கவைக்க வேண்டுமாம்.

விளக்கு அணைந்தது. பெரிய திரையில் மாளிகைக்குப் பின்னால் சூரியன் உதித்தது. ஞானச்சுடர் என்ற எழுத்துகளின் விளிம்பில் வெளிச்சம் வழிந்தது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, தன் பட்டத்தின் அழகில் தானே சொக்கிப்போய் நின்றார்.

"ஐயா," என்றார் டைரக்டர், "இது மெஷின்ல வர்றதில்ல. எங்க சிற்பி ஒவ்வொரு எழுத்தையும் கையால செதுக்கியிருக்காங்க. ஒரு பலகைக்கு மூணு நாள். உங்களுக்காகத் தூக்கத்தைக்கூட விட்டு..."

"பாத்தாலே தெரியுது" என்றார் தலைவர்.

"பாத்தாலே தெரியுது" என்றார் செயலாளர்.

டைரக்டர் பென் டிரைவை எடுத்து இரண்டு கையாலும் பலகைக்காரரிடம் நீட்டினார். அப்போதுதான் சிற்பிக்கு ஞாபகம் வந்தது. முதல் வரி.

அழிக்கவில்லை. காலையில் அடித்த கட்டளை, மணி, பிடித்த நேரம் எல்லாம் அப்படியே அந்த ஃபைலின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மாதிரியில் அது தெரியாது. யாராவது வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எந்தப் பலகைக்காரர் திறந்து பார்க்கப்போகிறார்?

இந்தப் பலகைக்காரர். மடிக்கணினியை மேஜையில் வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஃபைலை எழுத்தாத் திறந்து அளவைக் கண்ணால பாக்காம நான் தகட்டுல கை வைக்கமாட்டேன். போன வருஷம் ஒருத்தர் ஃபைலை நம்பி வெட்டி, ஆளுயர எழுத்து அரையாள் ஆயிடுச்சு" என்றார்.

"அண்ணே," சிற்பி ஓடிப்போய் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள், "அந்த ஃபைலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தர்றேனே. ஒரே நிமிஷம்."

"எதுக்கும்மா? சுத்தமெல்லாம் நானே பண்ணிக்கிறேன்."

அவர் படிக்கும்போது உதடு அசையும். பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம் போலிருக்கிறது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை சிற்பியைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, எடை போடுகிறவன் எடையைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"இதுல இன்னைக்குப் பத்து முப்பத்தேழுன்னு போட்டிருக்கு. எடுத்த நேரம், பாயிண்ட் நாலு ஒண்ணு செகண்டு."

டைரக்டரின் காற்று உளி பாதியில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பிச் சிற்பியைப் பார்த்தார். திட்டுகிற பார்வைகூட இல்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைந்து வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பார்வை.

"என்ன செகண்டு?" என்றார் தலைவர்.

டைரக்டர் வாயைத் திறந்தார். ஆன்மாவைப் பற்றி நாலு மணி நேரம் பேசக்கூடிய வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பலகைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றார். "ஃபைல் எழுதின நேரம். அளவு சுத்தமா இருக்கு, ஓட்டையெல்லாம் ஓட்டையா இருக்கு. எனக்கு வேண்டியது அதுதான்."

தலைவருக்கு அதில் அக்கறை போய்விட்டது. அவர் கண் திரைக்குத் திரும்பியிருந்தது. "எனக்கு என்னமோ அந்த ஞானச்சுடர் கொஞ்சம் சின்னதா படுது. கல்லூரி பேரைவிட ஒன்றரை மடங்கு பெருசா வரட்டும். எப்ப கிடைக்கும்?"

பட்டத்தைத் தனியே அடித்து, உயரம் என்ற இடத்தில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். அரை விநாடி வேலை என்று டைரக்டருக்கும் இப்போது தெரியும். செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டைரக்டர் 'இப்பவே' என்று சொல்லிவிடலாம். சொன்னால் இத்தனை நேரம் பேசிய மூன்று நாளும் அறை நடுவில் மல்லாந்து விழும். சொல்லாவிட்டால், தன்னை மூன்று வருடம் ஏமாற்றியவளின் பொய்க்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை பூத்தது.

"மூணு நாள் ஆகும் ஐயா" என்றார் டைரக்டர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆகட்டும். நல்ல வேலைன்னா நேரம் எடுக்கத்தான் செய்யும்" என்றார் ஞானச்சுடர்.

அவர்கள் போனபின் டைரக்டர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. சிற்பி டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"அண்ணே, என்னைத் தூக்கிடுவாருன்னு நினைக்கிறீங்களா?"

வெளிச்சக்காரர் ஒரு மரத்தின் நிழலைச் சரிசெய்தபடி சொன்னார்: "அவரு கார்டுல 'கையால் செதுக்கும் எழுத்துகள்'னு அச்சடிச்சு வச்சிருக்காரு. ஆயிரம் கார்டு. அதை நினைச்சுத்தான் உள்ள உக்காந்திருப்பாரு."

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாண்ணே?"

"ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்திருக்கேன். உளிச் சத்தமே கேக்கலியே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. மூன்று பத்துக்குக் கதவு திறந்தது. டைரக்டர் நேராக அவள் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுக்கவில்லை. நின்றார்.

"அப்ப மூணரைக்கு வீட்டுக்குப் போய் என்ன செதுக்கிற?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அப்பாவுக்கு ஒரு பக்கம் வரல சார். நாலரைக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வருவாரு. நான் போனாத்தான் கதவு திறக்கும். இப்ப இடது கையால எழுதப் பழகுறாரு. ஒரு 'அ' போட இருபது நிமிஷம் ஆகுது." கண்ணில் நீர் முட்டியது, அதற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூணரை போயிடுமேன்னு பயம் சார்."

டைரக்டர் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் கதவைப் பார்த்தார்.

"காட்டு" என்றார்.

அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். "என்ன வாசகம் போடட்டும் சார்?"

டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். குரல் தணிந்தது. "என் பேரைப் போடும்மா. பின்னாடி கிரியேட்டிவ் டைரக்டர்னு முழுசா வரணும்."

அடித்தாள். என்டர். திரையில் அவர் பெயரும் பட்டமும் ஆளுயரத்துக்கு, ஒரு எழுத்துக்கூட ஒளிந்துகொள்ளாமல் நின்றன. டைரக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளிச்சக்காரர் மேஜைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"இதை வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் டைரக்டர் கடைசியில். "யாராவது வந்தா அந்தப் பேனா கையில இருக்கணும். எனக்கு இந்த ஃபைல் வேணும். ஆனா அந்த முதல் வரியை அழிச்சிடு."

மணி மூன்று இருபத்தொன்பது. சிற்பி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சொல்லியும்விட்டாள்.

"நீங்களே அழிச்சிடுங்க சார். திறந்துதான் இருக்கு. எனக்கு மூணரை ஆச்சு."

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்க இறங்கக் காது பின்னாலேயே இருந்தது. முதல் திருப்பம். இரண்டாம் திருப்பம். வாசலுக்கு இன்னும் நாலு படி இருக்கும்போது மேலேயிருந்து அவர் குரல் இடிபோல வந்தது.

"சிற்பி!"

அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். போச்சு.

"என்ன சார்?"

அவர் தலை கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல, பாதிக் குரலில்:

"அழிக்கிறதுக்கு எந்தக் கீம்மா?"